பத்தொன்பதாவது தாள்

கல்லில் உளி படுவதற்கு முன்னால், ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்து எழுத்தை வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நின் வான் என்கிற ஊரின் கல்பட்டறைகளில் அதுதான் வழக்கம். வெட்ட வேண்டியதைத் தாளில் எழுதிக் கல்லின் மேல் பசை தடவி ஒட்டி வைத்திருப்பார்கள். தாளில் தப்பிருந்தால் கிழித்துப் போட்டுவிடலாம். கல்லில் தப்பிருந்தால் கல்லையே தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் யாரும் இதில் விளையாடுவதில்லை. நாம் தின் என்கிற ஊரிலிருந்து ஒரு மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டி வந்து, தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் நின்ற மியெனிடம், பட்டறைக்காரன் கோவாத், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பேனாவை நீட்டினான்.

"சத்தமாப் படி. மனசுக்குள்ள படிச்சா செல்லாது."

சாம்பல் நிறக் கல்பெஞ்சு. படித்து முடித்துப் போன வகுப்புகள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் வாங்கிப் போடும் அதே மாதிரிப் பெஞ்சு. சாய்மானத்தில் ஒட்டிய தாளில் நான்கு வரிகள் இருந்தன. முதல் வரி, பன்னிரண்டாம் வகுப்பு கணிதப் பிரிவு. இரண்டாவது, 1985–1988. மூன்றாவது வரி உள்ளங்கை அகல எழுத்தில் 14260157. அதற்குக் கீழே சின்னதாக, பகா எண்.

மியென் முதல் இரண்டு வரிகளைப் படித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"எழுத்து நல்லா இருக்குங்க. நீங்களே எழுதினீங்களா?"

"நீங்களா?" கோவாத் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. "முப்பது வருஷத்துல எனக்கு மரியாதை நல்லாத்தான் வளர்ந்திருக்கு. படிம்மா. இன்னும் ரெண்டு வரிதான்."

அவள் கையில் ஒரு பெட்டி நிலக்கடலை மிட்டாய் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சின் மேல் வைத்தாள். கல்லறைக் கல்லில் வைக்கும் படையல் போல இருந்ததால் உடனே எடுத்துவிட்டாள்.

பெஞ்சு யோசனை வகுப்புத் தலைவி லியூவுடையது. லியூ அன்றைக்கும் வகுப்புத் தலைவி, இன்றைக்கும் வகுப்புத் தலைவி. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகும் அந்தப் பதவியை அவள் விடவில்லை. வகுப்பு முடிந்து முப்பது வருஷம் ஆகிறது, கணக்கு வாத்தியார் லுவோங் சாருக்கு எண்பத்தொன்று ஆகிறது, ஆசிரியர் தினமான நவம்பர் இருபதாம் தேதி சாரையே உட்கார வைத்துப் பெஞ்சைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். "கோவாத் பட்டறையிலேயே சொல்லிட்டேன். ஒரு சந்திப்புக்கும் வராதவன், ஒரு பேச்சுல ஒத்துக்கிட்டான். ஆனா எழுத்தைச் சரிபாக்க மியெனைத்தான் அனுப்பணுமாம். உன் மேல அவனுக்கு அப்படி என்னடி பாசம்?" என்று போனில் கலகலவென்று சிரித்தாள். மியென் நூடுல்ஸ் கடை நடத்துகிறவள். கடையில் மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை என்பது ஊருக்கே தெரியும். வர முடியாது என்று சொல்ல ஒரு பொய்கூட அகப்படவில்லை. வேண்டிய நேரத்தில் ஒன்றல்ல, ஒன்பது பொய் அகப்பட்டது அவளுக்கு. அது வேறு வயது.

மூன்று வருஷம் சேர்ந்து படித்த அந்த வகுப்புக்கு லுவோங் சார் வந்த முதல் வருஷம் அது. மற்ற வகுப்புகளுக்குப் பூ உண்டு, மரம் உண்டு, நமக்கு ஓர் எண் இருக்கட்டும் என்றார். வகுப்பில் எட்டு மேசை. ஏழு மேசையில் மூன்று மூன்று பேர், ஒன்றில் நான்கு பேர். மேசைக்கு ஓர் இலக்கம் சொல்லச் சொன்னார். எட்டு இலக்க எண் ஒன்று வந்தது. அது மூன்றால் வகுபட்டு அங்கேயே செத்தது. அடுத்தது ஏழில் போனது. மூன்றாவது, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எண்பத்து மூன்றில் கவிழ்ந்தது. நான்காவது 14260157. கடைசி ஏழு, மியென் உட்கார்ந்திருந்த மேசை கொடுத்தது. நூறுக்குக் கீழே இருக்கிற இருபத்தைந்து பகா எண்களாலும் சார் கரும்பலகையில் வகுத்துப் பார்த்தார். எதிலும் தீரவில்லை, மீதி வந்துகொண்டே இருந்தது.

எண் பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்ல, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் மூவாயிரத்து எழுநூற்று எழுபத்தாறு சொச்சம். சார் தன்னிடமிருந்த அட்டவணையைப் பிரித்து எண்ணினார். பலகையில் போட்டது போக, மீதி சரியாக ஐந்நூறு. வகுப்பில் இருபத்தைந்து பேர். ஆளுக்கு இருபது. "பாத்தீங்களா, இந்த எண்ணு நம்மளைத் தேடியே வந்திருக்கு!" என்று சார் கைதட்டினார். அந்தக் காலத்தில் சாருக்கு ஒரே சட்டை, முழங்கையில் ஒட்டுப் போட்டது. அந்தச் சட்டையோடு அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதைப் பார்த்தவர்கள், ஐந்நூறு என்ன, ஐயாயிரம் கணக்குகூடப் போட்டிருப்பார்கள்.

வருகைப் பதிவில் மியென் பத்தொன்பதாவது ஆள். 2663இல் தொடங்கி 2789இல் முடியும் இருபது எண்கள் அவள் பங்கு. வைக்கோல் துணுக்கு தெரியும் மஞ்சள் தாளில், இடது பக்கம் வகுக்கும் எண், வலது பக்கம் மீதி. கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள் அவள். அதைவிடச் சீக்கிரக்காரி என்று பேர். திங்கள்கிழமை காலையில் சார் மேசையில் முதலில் விழுகிற தாள் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஞாயிறு மத்தியானம் வரைக்கும் பதினொன்று முடித்திருந்தாள், எல்லாம் சுத்தமாக, இரண்டு தடவை சரிபார்த்து. மை கடன் கேட்க லியூ வீட்டுக்குப் போனபோது, லியூ பதினேழாவதில் இருப்பதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, மீதி இருந்த ஒன்பதையும் ஐந்து நிமிஷத்தில் எழுதி முடித்தாள். வகுக்கவில்லை. 938, 408, 2266 என்று, வகுக்கும் எண்ணைவிடச் சின்னதாக, ஒன்று போல ஒன்று இல்லாமல், பார்த்தால் உழைத்து வந்தது போலத் தெரிகிற எண்களை எழுதினாள். கடைசி எண் 2789க்கு நேரே 1406 என்று போட்டாள். பொய்யிலும் ஓர் ஒழுங்கு பார்த்தவள்.

தாள் முதலில் விழுந்தது. கையெழுத்து அழகு என்று சார் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். வருஷம் முழுக்க அது அங்கே இருந்தது.

அத்தோடு போயிருந்தால்கூட, சின்ன வயசுச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட்டிருக்கலாம். இருபத்தைந்து தாளும் வந்து, எண் பகா எண்தான் என்று வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி மேசையிலிருந்து கோவாத் எழுந்தான். அதிகம் பேசாத பையன், கல்தச்சர் வீட்டுப் பிள்ளை. "சார், தாளை ஒருத்தருக்கொருத்தர் மாத்தி இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாமா?" என்று கேட்டான். சார் யோசித்தார். அவர் யோசித்த அந்த இரண்டு நொடியில் மியென் முந்திக்கொண்டாள். துள்ளி எழுந்தாள். "கல்லறை கொத்துற வீட்டுப் பையனுக்கு எங்க மேல சந்தேகமாம் சார்! செத்தவங்க தேதியைச் சரிபாக்கற மாதிரி எங்களையும் பாக்கறான்!" என்றாள். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "நம்ம ஆளுங்களை நம்பணும்ப்பா" என்றார். கோவாத் உட்கார்ந்தான். அன்றையிலிருந்து படிப்பு முடிகிற வரைக்கும் அவன் பேர் கல்லறை.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, கடைக்கென்று புருஷன் ஒரு கால்குலேட்டர் வாங்கி வந்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் அந்த ஒன்பதையும் போட்டுப் பார்த்தாள். எட்டில் புள்ளி வைத்து நீளமாக வால் வந்தது. ஒவ்வொரு வாலுக்கும் மனது லேசாகிக்கொண்டே போனது. 2789இல் வெறும் 5113 வந்து நின்றது. புள்ளி இல்லை, வால் இல்லை. அடுப்பில் எலும்புச் சூப் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் 5113. அந்த எண் பகா எண்ணே இல்லை. ஐந்நூறு கதவில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது, அதற்குக் காவல் இருந்தவள் அவள்.

அதன் பிறகு இருபத்துநான்கு வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் வகுப்பு கூடும்போது, கோப்பையைத் தூக்கி, "ஒண்ணு, நாலு, ரெண்டு, ஆறு, சைபர், ஒண்ணு, அஞ்சு, ஏழு!" என்று எல்லாரும் கத்திவிட்டுத்தான் குடிப்பார்கள். ஏழு என்று கத்தும்போது அவள் மேசைக்காரர்கள் அவள் முதுகில் தட்டுவார்கள். இப்போது எல்லார் பையிலும் போன் இருக்கிறது, ஒரு நொடி வேலை. ஆனால் பெற்ற தாய் பெற்றவள்தானா என்று யார் சோதித்துப் பார்ப்பார்கள்? சோதித்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

"என்ன, மூணாவது வரி தெரியலையா? கண்ணாடி வேணுமா?" என்றான் கோவாத்.

"தெரியுது."

"படி அப்போ."

அவள் படிக்கவில்லை. அறுக்கும் எந்திரம் கொல்லையில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தூள் பறந்து அவள் கண்ணிமையில் படிந்தது. கோவாத் கை காட்ட, எந்திரம் நின்றது.

"நீ மூணாவது வரியில நிப்பேன்னு தெரியும்," என்றான். "ஐந்நூறையும் நான் போட்டேன், அந்த வருஷமே. மலையடிவாரத்துல ஆடு மேச்சுக்கிட்டு, உடைஞ்ச கல்லு மேல சுண்ணாம்புக் கட்டியால. புது வருஷம் தாண்டி ரெண்டு வாரம் ஆச்சு. உன் தாளுதான் சுவத்துல இருந்துச்சே. பதினொண்ணு வரைக்கும் அப்படியே ஒத்துப்போச்சு. பன்னெண்டுலேருந்து ஒண்ணுகூட ஒத்துப்போகல. ஒருத்தி ஒண்ணு ரெண்டு தப்பாப் போடலாம். ஒன்பதும் தப்பாப் போக முடியாது மியென்."

அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளை நினைத்தாள். ஒரு வருஷம் முழுக்க, தினமும் காலையில், இவன் அதைப் பார்த்துக்கொண்டு கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறான். அவள் அவனை, அடேய் கல்லறை, கரும்பலகையைத் துடை என்று ஏவியிருக்கிறாள். அவனும் துடைத்திருக்கிறான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா யாரு கேப்பா? கல்லறைக்குப் பொறாமைன்னு சொல்லியிருப்பீங்க." அவன் மூங்கில் புகைக்குழாயில் புகையிலையை அழுத்தினான், பற்ற வைக்கவில்லை. "அப்புறம் சார் மூஞ்சி. அதை உடைக்க எனக்கு மனசு வரல. அப்புறம் உம்மேல கோவம். அப்புறம் வேலை, பிள்ளைங்க, மறந்தே போச்சு. லியூ போன் பண்ணினா. எண்ணுக்குக் கீழ பகா எண்ணுன்னு வெட்டணும்னா. மாட்டேன்னு சொன்னா வேற பட்டறைக்குப் போவாங்க. அங்க வெட்டிக் குடுத்துருவாங்க. அதான் உன்னை வரச் சொன்னேன்."

"உன்னை அப்படிச் சொன்னதுக்கு..." பாதியில் நிறுத்தி வேறு மாதிரி ஆரம்பித்தாள். "கோவாத், அதை நான் பயத்துல சொன்னேன். ஆனா பயத்துலன்னு சொன்னாலும் அது சரியாகாது."

"ஆகாதுதான்," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "கல்லறைன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல. செய்யறது கல்லறைதானே. ஆனா எங்கப்பா ஒரு செத்தவனுக்குக்கூட தேதியைத் தப்பா வெட்டினதில்ல. சரிபாக்கறது கேவலம்னு இருபத்துநாலு பேரும் சிரிச்சீங்க பாரு. அதுக்குத்தான் நான் எந்தச் சந்திப்புக்கும் வரல."

அவள் தலைகுனிந்து நின்றாள். அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அவள் புத்தி வேறு வழி தேடியதுதான் கேவலம். "கடைசி வரியை மட்டும் எடுத்துடேன். வெறும் எண்ணு இருக்கட்டும். யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்ல. சார் மனசும் நோகாது," என்றாள்.

"எடுக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை." கோவாத் தாளின் அடியோரத்தை நகத்தால் நெம்பினான். "இருபதாம் தேதி சார் வந்து உக்காருவாரு. தடவிப் பாப்பாரு. பகா எண்ணுன்னு ஏன்ப்பா போடலன்னு கேப்பாரு. நீ பதில் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் சொல்லிவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்ல மாட்டான் என்பதும் தெரிந்திருந்தது. இதுவரை சொல்லாதவன் இனியும் சொல்ல மாட்டான். எந்திரக்காரன் தப்பு, அச்சுக்காரன் தப்பு என்று யார் தலையிலாவது கட்டி அவளே பேசிச் சமாளித்துவிடுவாள், அவளுக்கு வாய் இருக்கிறது. சார் நம்பிவிடுவார். அவர்தான் ஆட்களை நம்புகிறவர் ஆயிற்றே. அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"சுண்ணாம்புக் கட்டி இருக்கா?"

அவன் கல்லில் கோடு போட வைத்திருந்த சாக்குக்கட்டியைக் கொடுத்தான். அவள் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டு உட்காரும் பலகையில் எழுத ஆரம்பித்தாள். நேரே 2789க்குப் போகவில்லை. விட்ட இடத்திலிருந்து, 2719இலிருந்து தொடங்கினாள். நாற்பத்தேழு வயதில் வகுத்தல் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் கணக்கில் ஐந்தால் பெருக்கியதையே தப்பாகப் போட்டு, புறங்கையால் துடைத்து, மறுபடி போட்டாள். மீதி 1721. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அடுத்தது 2729, மீதி 1132. அவசரப்படாமல் போட்டாள். ஒரே நேரத்தில் நாலு கிண்ணம் தூக்கிப் பரிமாறுகிற கை அது, வாடிக்கையாளர்கள் பார்த்தால் சிரித்திருப்பார்கள். கோவாத் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டு வந்து தரையில் வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லை இழைக்கப் போய்விட்டான். அவள் குடிக்காமலே அது ஆறிப் போனது.

வெயில் மலை முகட்டுக்கு இறங்கும்போது எட்டு கணக்கு முடிந்திருந்தது. கடைசி எண்ணை எழுதினாள். ஐந்து தடவை, மீதி முந்நூற்றுப் பதினைந்து. ஒன்றை இறக்கினாள். ஒரு தடவை. ஐந்தை இறக்கினாள். மறுபடி ஒரு தடவை. ஏழை இறக்கினாள், அவள் மேசை கொடுத்த ஏழு. எட்டாயிரத்து முந்நூற்று அறுபத்தேழு. மூன்று தடவை, எட்டாயிரத்து முந்நூற்று அறுபத்தேழு. கழித்தாள். அந்த இருபதிலேயே சுலபமான கணக்கு அதுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அந்த ஒரு நிமிஷத்தை அவள் கொடுத்திருந்தால், வகுப்பு ஐந்தாவது எண்ணுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முகத்தில் கல்தூளும் சாக்குத்தூளும் அப்பியது. கோவாத் இழைப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். மணி வெகுநேரம் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று ஒரு மனது வேண்டிக்கொண்டது.

"அலோ? யாரு?"

அந்தக் குரலைக் கேட்டதும் அவளையறியாமல் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சாரிடம் பேசிப் பழக்கம் இல்லை.

"சார், நான் மியென். பத்தொன்பதாவது தாள்."

"மியென்! முதல் தாளுன்னு சொல்லும்மா. திங்கக்கிழமை காலையில மொத மொத வந்த தாள் ஆச்சே. இன்னும் அலமாரியில வெச்சிருக்கேன், தெரியுமா? பேரப்பிள்ளைங்களுக்கு எடுத்துக் காட்டுவேன், இப்படிப் போடணும் கணக்குன்னு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், அந்தத் தாளை எடுங்க. ஒரு பென்சிலும் எடுங்க. அதுல கடைசி ஒன்பது வரி நான் போடவே இல்ல சார். சும்மா எழுதினேன். முதல்ல வரணும்னு எழுதினேன். கோவாத் மாத்திப் பாக்கலாம்னு கேட்டான், நான்தான் அவனை வாயடைச்சேன்."

சார் இணைப்பை வெட்டிவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு செருப்பு தேய்கிற சத்தம், மெதுவாக, தூரப் போனது. அலமாரிக் கதவு கிறீச்சென்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. நாற்காலி இழுபட்டது. தாள் விரிகிற சத்தம், பழைய தாள், முறுமுறுவென்று.

"எந்த எண்ணும்மா?" அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"கடைசி எண்ணு சார். ரெண்டாயிரத்து எழுநூத்து எண்பத்தொம்போது."

"ம். இரு. போன் வெக்காத." பென்சில் தாளில் ஊர்ந்தது. வகுப்பில் செய்வது போலவே, வாய்க்குள் சொல்லிக்கொண்டே போட்டார். "அஞ்சு தடவை... முந்நூத்திப் பதினஞ்சு... ஒண்ணை எறக்கு... ஒரு தடவை..."

வேலை முடிந்து போகிறவர்கள் பட்டறை வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முகமெல்லாம் வெள்ளையாக, போனைக் காதில் வைத்து, இன்னொரு கையில் சாக்குக்கட்டியோடு, கரும்பலகைக்குக் கூப்பிடப்பட்டவள் போல நிமிர்ந்து நின்றாள் மியென். அவள் காலடியில், பெஞ்சின் கடைசி மூலையில், அவள் போட்ட சைபர் மாலை வெயிலில் வெளேரென்று தெரிந்தது.

"ஏழை எறக்கறேன்," என்றார் சார்.

பென்சில் சத்தம் நின்றது.